பாட்டுப் பாடி எழுப்பும் காடு

மணி ஐந்தரை. கீற்றுக் கூரைக்கு வெளியே கிட்டார் சத்தம்! யாரோ பாடிக்கொண்டே குடிசை குடிசையாக வருகிறார்கள். சாதனா ஃபாரஸ்டில் அலாரம் இதுதான். புதுச்சேரிப் பக்கம், ஆரோவில்லை ஒட்டிய செம்மண் பூமி. 2003 டிசம்பரில், இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம், யோரித் ரோசின் தம்பதி இங்கே 70 ஏக்கர் பொட்டலில் மரம் வைக்கத் தொடங்கினார்கள். அன்று முதல் பல நாட்டுத் தன்னார்வலர்கள் வந்து தங்கி, நட்டு வளர்த்த காடு இது. பார்க்க வருகிறவர்கள் மரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாம் அடுப்படி வரைக்கும் போய்விடலாம், வாங்க.

முதலில் எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். பாதி கண் இன்னும் திறக்கவில்லை. சோம்பல் முறித்து, ஒரு விளையாட்டு ஆடி, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்ட பிறகுதான் வேலை. அதற்கு இங்கே 'சேவா' என்று பெயர். ஐப்பசி மழை விட்ட காலை; மண்வெட்டி எடுத்தவர்களுக்கு முழங்கால் வரை சிவப்புச் சாயம். சரிவில் ஓடும் மழைத்தண்ணீரை மறிக்கக் கரை கட்டுகிறார்கள், பள்ளம் வெட்டுகிறார்கள். இந்தக் கடற்கரைப் பக்கத்தில் இயல்பாக வளரும் வீரை, பாலை, கருங்காலிக் கன்றுகள் வரிசையில் காத்திருக்கின்றன. ஒரு பையன் கன்றை இறக்கி, மண்ணை அணைத்துவிட்டு, அதன் தலையைத் தடவிக் கொடுக்கிறான். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பு அவனுக்கு!

எனக்குப் பிடித்த இடம் சமையலறைதான். விறகைச் சிக்கனமாகத் தின்னும் ராக்கெட் அடுப்பு, அதன்மேல் கல்யாண வீட்டு அளவுக்கு ஒரு குண்டான். பூசணிக்காய் மலைபோல் குவிந்திருக்கிறது. கத்தி பிடித்த நாலு பேருக்கு நாலு தாய்மொழி. "மிளகாய் போதும், போதும்" என்று கைஜாடையில் ஒரு சண்டை. அழுக்குப் பாத்திரங்கள் சாய்கோபுரமாக நிற்கின்றன. புகையில் கண்ணீர், நெற்றியில் வேர்வை, நடுநடுவே சிரிப்பு. பால், தயிர், நெய், முட்டை எதுவும் உள்ளே வராது. மதுவும் புகையிலையும் கூடாது.

குளியல், வாளியும் குவளையுமாக அளந்து. விளக்கு, சூரிய மின்சாரத்தில். கழிவறையிலும் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடுவதில்லை. மரத்தூளைத் தூவிவிட்டு வர வேண்டியதுதான். நாளாவட்டத்தில் கழிவு எருவாகும். முதல் நாள் முகம் சுளிக்கிறவர்கள், ஒரு வாரத்தில் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

சாப்பாட்டு நேரம். காலையிலிருந்து மண் சுமந்தவர்களுக்கு நல்ல பசி. ஆனாலும் கடைசித் தட்டு நிறையும் வரை ஒருவரும் கை வைக்கவில்லை. ஒரு நிமிடம் மௌனம். தவளைச் சத்தம் மட்டும். நான் பார்த்ததிலேயே மிக அழகான காட்சி அந்தக் காத்திருப்புதான்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் காட்டைச் சுற்றிக் காட்டி, சுற்றுச்சூழல் படம் போட்டு, இரவுச் சாப்பாடும் இலவசமாகப் போடுவது இவர்கள் வழக்கம். புதுச்சேரிப் பக்கம் போனால் விசாரித்துக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். சாப்பிட்டதும் தட்டோடு பின்பக்கம் போங்கள். அந்தப் பாத்திரக் கோபுரத்தில் நாலைந்தையாவது கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.