31 மார்க்... ஆனாலும் பாஸ்!

'வெட்டை நோய்' என்று லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரத்தில் படித்திருப்பீர்கள். டாக்டர் பாஷையில் கொனோரியா. கிருமியை ஆல்பர்ட் நைஸர் என்கிற ஜெர்மன் டாக்டர் 1879-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதற்கென்று ஒரு தடுப்பூசி இன்றுவரை கிடையாது!

ஆசாமி பலே கில்லாடி. அம்மை ஒரு தடவை வந்தால் உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும். இது மேல்சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும். போன வருஷம் வந்தவன்தான் இப்பவும் வந்திருக்கான் என்று உடம்புக்கு அடையாளமே தெரியாது. நிறையப் பெண்களுக்கு வலி, எரிச்சல் எதுவும் இருக்காது. உள்ளே கருக்குழாயைக் கெடுத்துவிடும். அப்புறம் குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாக அலைய வேண்டியதுதான்.

'மருந்துதான் இருக்கே?' என்பீர்கள். இருந்தது! பெனிசிலினுக்குப் பழகிக்கொண்டது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் டாட்டா காட்டியது. டாக்டர்கள் இப்போது பெரிதாக நம்பியிருக்கும் செஃப்ட்ரையாக்சோன் ஊசிக்கும் மசியாத ரகங்கள் தலைகாட்டிவிட்டன.

இங்கேதான் ஒரு ஓசி அதிர்ஷ்டம். நியூசிலாந்தில் 1991-லிருந்து ஒரு வகை மூளைக்காய்ச்சல் ஆட்டிப்படைத்தது. 2004-ல் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். சுமார் பத்து லட்சம் இளசுகளுக்குப் போட்டார்கள். பின்னால் கணக்கைப் புரட்டினால்... ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கொனோரியாவும் குறைச்சல்! இரண்டு கிருமிகளும் பங்காளிகள். மரபணுவில் 80-90 சதவிகிதம் ஒற்றுமை. ஒருத்தனைப் பிடிக்க வைத்த பொறியில் இன்னொருத்தன் வாலும் மாட்டிக்கொண்டது. 2017-ல் வெளியான ஆய்வின்படி பாதுகாப்பு 31 சதவிகிதம்.

முப்பத்தொண்ணா? நம் ஊரில் 35 எடுத்தால்தானே பாஸ்!

பி.காம். மூளையோடு யோசித்தால் விஷயம் வேறு. ஒருத்தருக்கு வராமல் தடுத்தால் அவர் மூலம் இன்னொருவருக்குப் போகாது. அந்த இன்னொருவரிடமிருந்து மூன்றாமவருக்கும் போகாது. கூட்டு வட்டி மாதிரி! ஒவ்வொரு தடவையும் ஒரு ஊசி மருந்து மிச்சம். கிருமிக்குப் பழகிக்கொள்ளும் சான்ஸும் குறையும்.

இங்கிலாந்து இந்தக் கணக்கைத்தான் போட்டது. 2023-ல் மட்டும் அங்கே 85 ஆயிரத்துக்கு மேல் கேஸ். 1918-ல் பதிவேடு ஆரம்பித்ததிலிருந்து அதுதான் உச்சம். அதே நியூசிலாந்துச் சரக்கு கலந்த மூளைக்காய்ச்சல் ஊசியை 2025 ஆகஸ்ட்டில், உலகிலேயே முதல் திட்டமாக, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள். முக்கியமாக, ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களுக்கு.

ஆட்சேபம் இல்லாமல் இல்லை. பிரான்ஸில் நடந்த ஒரு சோதனையில் இதே ஊசி சொல்லிக்கொள்ளும்படி பலன் தரவில்லை. அது தெரிந்தேதான் இங்கிலாந்து இறங்கியது. கொனோரியாவுக்கென்றே தனி ஊசி செய்யும் வேலை ஆய்வகங்களில் நடக்கிறது. அது வரும்வரை, பங்காளி ஊசிதான்.