கிம் தாளும் முட்டைச் சுருளும்

நம் மளிகைக் கடைகளில் "கடல்பாசி" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது அகர் அகர். நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போடும் வெள்ளை இழை அது. கொரியர்கள் கேட்கும் கடல்பாசி வேறு. கறுப்பும் பச்சையும் கலந்து, காகிதம்போல் காய்ந்த தாள். கொரியாவில் அதற்குக் கிம் என்று பெயர், ஜப்பானில் நோரி. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு சென்னை வட்டாரத்தில் கொரியக் குடும்பங்கள் குடியேறின. அவர்களிடம் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்தால் சரக்கு கடைக்கே திரும்பும்.

வாங்குகிறவர் அதை வீட்டில் என்ன செய்கிறார் என்பது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சோற்றைச் சுருட்டிச் சாப்பிடுவது பலரும் அறிந்தது. அதைவிட எளியது முட்டைச் சுருள். கொரிய வீடுகளில் இதைக் கெரான்மாரி என்பார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளவும் பிள்ளைகளின் மதிய உணவு டப்பாவுக்கும் இது வழக்கமான பண்டம்.

நான்கு முட்டையை உப்புச் சேர்த்து, நுரை எழும்பாமல் அடித்து, வடிகட்ட வேண்டும். பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் கேரட்டும் சேர்க்கலாம். தோசைக்கல்லைவிட ஒட்டாத வாணலி நல்லது. எண்ணெயைத் துணியால் தடவினால் போதும்; தேங்கினால் முட்டை பொரிந்து, சுருட்டும்போது உடையும். சிறு தீயில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றிப் பரப்பவும். அடி பிடித்து, மேலே ஈரம் மினுங்கும் நேரத்தில் தாளை வைக்கவேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். முட்டை முழுவதும் வெந்துவிட்டால் தாள் ஒட்டாது, நறுக்கும்போது தனியே கழன்றுவரும். தண்ணீராக இருந்தால் தாள் நனைந்து சுருங்கிப்போகும். சுருக்கத்தைக் கணக்கிட்டு, தாளை முட்டையைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டுவது உத்தமம்.

ஒரு ஓரத்திலிருந்து சுருட்டி, சுருளை வாணலியின் பக்கத்துக்குத் தள்ளி, காலி இடத்தில் அடுத்த பங்கை ஊற்றவும். அது சுருளின் அடியிலும் சற்று ஓட வேண்டும். மறுபடி தாள், மறுபடி சுருட்டல். இறக்கியதும் கத்தி வைக்கக்கூடாது. ஐந்து நிமிடம் ஆறினால்தான் மஞ்சளும் கறுப்புமாக வளையங்கள் கலையாமல் நிற்கும்.

இதற்கு ஏற்றது உப்பு, எண்ணெய் சேராத பெரிய தாள். எள்ளெண்ணெயும் உப்பும் தடவி வறுத்த சிறு தாள்கள் நொறுக்குத் தீனிக்கு உரியவை. முட்டையில் வைத்தால் உப்புக் கரிக்கும். நாள்பட்டால் சிக்கு வாடையும் வரும். இரண்டையும் ஒரே அடுக்கில் கலந்து வைப்பதை நாம் விரும்பவில்லை.

இந்தச் சரக்குக்கு எதிரி ஈரக்காற்று. ஒரு தாளின் எடை சுமார் 3 கிராம்தான். பிரித்து வைத்தால் சென்னைக் காற்றில் வெகு சீக்கிரம் நமத்துவிடும். நமத்த தாளை வெறும் கல்லில் சில நொடி வாட்டினால் மொறுமொறுப்புத் திரும்பும். செந்நீலமாக நிறம் மாறியதைத் தள்ளிவிட வேண்டியதுதான். அதனால் உதிரியாகப் பிரித்து விற்பது கட்டுப்படியாகாது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறிய வேண்டாம் என்று வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். அது தின்பதற்கல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விற்பனைக் கணக்கு எடையில் இல்லை, எண்ணிக்கையில். நம் வெற்றிலைக் கவுளிபோல, கொரியாவில் 100 தாள் சேர்ந்தது ஒரு கட்டு. ஒரு காலத்தில் இது அதிர்ஷ்டத்தை நம்பிய பயிர். இந்தப் பாசி தன் வாழ்வின் ஒரு பருவத்தைச் சிப்பி ஓட்டுக்குள் கழிக்கிறது என்பதை 1949-இல் கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டறிந்து எழுதினார். அதன் பிறகே ஓட்டில் விதைப்பாசி வளர்த்துக் கடலில் வலை கட்டும் முறை ஜப்பானில் வேரூன்றியது.

விளைச்சல் நிலைப்பட்டும் விலை நிலைக்கவில்லை. 2023-இல் கொரியாவின் கிம் ஏற்றுமதி முதன்முறையாக 1 லட்சம் கோடி வானைத் தாண்டியது. வெளிநாட்டுக் கிராக்கியால் 2024-இல் உள்நாட்டு மொத்த விலையும் ஏறி, அங்குள்ள இல்லத்தரசிகளே முணுமுணுத்தார்கள். அறுவடை குளிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிவது. இறக்குமதியாளரிடம் விலை பேசும்போது எந்தப் பருவத்துச் சரக்கு, காலாவதித் தேதி என்ன என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியை இறக்க வேண்டும்.