பழுதோடு வாழும் கிருமி

தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873இல் கண்டுபிடித்தார். இன்றுவரை அதை ஆய்வுகூடத் தட்டில் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற விலங்கிலும்தான் வளர்க்கிறார்கள். ஏன் இந்தப் பிடிவாதம்?

பற்றீரியாவுக்குக் கரு இல்லை. பெரும்பாலும் வளையமாக மூடிய ஒரே நிறமூர்த்தம்தான், முறுக்கித் திணித்த நூல் மாதிரி. 2001இல் இந்தக் கிருமியின் வளையத்தை முழுசாக வாசித்தபோது சுமார் 33 இலட்சம் எழுத்துகள் இருந்தன. அதன் உறவுக்காரனான காசநோய்க் கிருமிக்கு 44 இலட்சம். பரம்பரையலகுகள் ஏறத்தாழ 4,000. இதில் வேலைசெய்பவையோ சுமார் 1,600 மட்டும். இன்னும் 1,100க்கு மேற்பட்டவை அங்கேயே கிடக்கின்றன, பழுதாகி; இடிந்த வீட்டின் அத்திவாரம் போல.

பிற உயிரின் கலத்துக்குள்ளேயே குடியிருந்தால் பல பொருட்கள் சும்மா கிடைக்கும். அவற்றைச் சொந்தமாகச் செய்யும் பரம்பரையலகு கெட்டாலும் கிருமி சாகாது. கெட்டது கெட்டபடியே அடுத்த தலைமுறைக்குப் போகும். மற்றப் பற்றீரியாக்கள் அக்கம்பக்கத்தில் பரம்பரையலகுகளைக் கைமாற்றிக்கொள்ளும். கலத்துக்குள் ஒளிந்திருப்பதற்கு அக்கம்பக்கம் ஏது?

ஈ.கோலி 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இதற்குச் சுமார் இரண்டு கிழமை. நோயின் அடையாளம் தெரிய வருடக்கணக்கு ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். 'குஷ்டம்' என்று ஊர் நடுங்கியது இந்த மந்தமான கிருமிக்குத்தான். பல மருந்துகளை ஒருங்கே 6 முதல் 12 மாதம் எடுத்தால் குணமாகும். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தொற்றுவதும் நின்றுவிடும்.