உங்களுக்குத் தெரியுமா? பாங்காக்கில் ஒரு சுற்று

◆ பாங்காக்கில் சுரங்க ரயில் பிடிக்க வேண்டுமானால் முதலில் மேலே ஏற வேண்டும். வாசலில் சில படிகள் ஏறி, அதன் பிறகுதான் எஸ்கலேட்டரில் கீழே இறங்குகிறார்கள். மழைவெள்ளம் உள்ளே பாய்ந்துவிடக் கூடாதென்று வாசலைத் தெருவைவிட ஒரு மீட்டர் அளவுக்கு உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். 2004-ல் திறந்த இந்த ரயில், 2011 பெருவெள்ளத்தில் டான் முவாங் விமான நிலையமே முழுகிக் கிடந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. படி ஏற அலுத்துக்கொள்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

◆ இந்த ஊரில் 1888-ல் குதிரை இழுக்கும் டிராம் வந்தது, 1894-ல் மின்சார டிராம். கடைசி டிராமை 1968-ல் நிறுத்தினார்கள். அதன் பிறகு 31 வருடம் பேருந்தும் நெரிசலும்தான். பி.டி.எஸ். என்னும் பறக்கும் ரயில் 1999 டிசம்பர் 5 அன்று ஓடத் தொடங்கியது.

◆ நகரின் குறுக்கே கிழக்கு மேற்காகப் போக வேகமான வழி எது? சாயங்கால நெரிசலில் பதில் ரயிலாகக்கூட இருக்காது, சென் செப் கால்வாய்ப் படகாக இருக்கும். மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 1837-ல் வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. கம்போடியாவில் வியட்நாமியரோடு நடந்த போருக்குப் படையும் தளவாடமும் அனுப்புவதற்காக வெட்டினார்கள். இப்போது அதில் அலுவலகக் கூட்டம் போகிறது.

தண்ணீர் கறுப்பு, நாற்றமும் உண்டு. எதிரில் இன்னொரு படகு வந்தால் திவலை தெறிக்கும். அதற்காகப் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டி, கயிறு தொங்கவிட்டிருக்கிறார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கயிற்றை இழுத்தால் தார்ப்பாய் மேலே ஏறும். பேச்சு எதுவும் கிடையாது, ஓர இருக்கைக்காரர் பார்த்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான். தாழ்வான பாலம் வந்தால் படகின் கூரையையே இறக்கிவிடுவார்கள். கண்டக்டர் தலையில் ஹெல்மெட்டுடன், படகின் வெளிவிளிம்பில் கால் பதித்து, கயிற்றைப் பிடித்தபடி நடந்தே சீட்டுக் கொடுக்கிறார். பிரதுனாம் துறையில் எல்லாரும் இறங்கிப் படகு மாற வேண்டும். பயணிகள் வசதி என்று பார்த்தால் சுமார்தான். நேரம் என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. ஆனால் இருட்டினால் சீக்கிரமே நின்றுவிடும். ராத்திரி உலாவுக்கு இதை நம்பாதீர்கள்.

◆ சாவ் பிரயா ஆற்றுப் படகுகளில் கொடியைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். ஆரஞ்சு, மஞ்சள் என்று கொடிக்குக் கொடி நிற்கும் துறைகள் மாறும். அவசரத்தில் ஏறினால் நம் துறையைத் தாண்டிப் போய் நிற்க வேண்டியிருக்கும். படகு துறையை நெருங்கும்போது காதைத் துளைக்கும் விசில் கேட்கும். முன்னால் இருக்கும் ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரியாது. பின்னால் நிற்கும் உதவியாளர் விசிலிலேயே ‘இன்னும் நெருங்கு, நிறுத்து, கிளம்பு’ எல்லாம் சொல்லிவிடுகிறார்.

◆ ஆற்றங்கரையில் இருக்கும் சபான் தக்சின் பறக்கும் ரயில் நிலையம் தற்காலிகமாகக் கட்டியது. பாதையை ஆற்றுக்கு அக்கரை நீட்டியதும் அதை எடுத்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. தக்சின் பாலத்தின் இரண்டு சாலைகளுக்கும் நடுவே இருந்த சந்தில் செருகியதால் அங்கே ஒரே தண்டவாளம்தான். 2009-ல் ரயில் அக்கரைக்குப் போயும் விட்டது. ஆனால் நிலையத்துக்குக் கீழேயே படகுத்துறை. ஆற்றிலிருந்து ஏறி வரும் கூட்டத்தை விரட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் போகும் ரயிலும் வரும் ரயிலும் ஒன்றுக்கொன்று காத்திருந்து அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் மாறி மாறி வந்துபோயின.

◆ வரைபடத்தில் அசோக், சுகும்வித் என்று இரண்டு நிலையங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மேலே பறக்கும் ரயிலுக்கு அசோக், கீழே சுரங்க ரயிலுக்கு சுகும்வித். நடுவில் ஒரு நடைபாதை. சலா தேங் என்பதும் சிலோம் என்பதும் அதே கதை. நிர்வாகம் வேறு, சீட்டும் வேறு. பறக்கும் ரயிலின் ‘ராபிட்’ (முயல்) பயண அட்டை சுரங்க ரயிலில் செல்லாது என்பதுதான் வெளியூர்க்காரர்களைத் தடுமாற வைக்கும்.

◆ சுகும்வித் சாலையில் ஒற்றைப்படை எண் சந்துகள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். 55-க்கு எதிரே 56 இருக்குமென்று சாலையைக் கடந்தால் ஏமாற்றம்தான், அங்கே 38 இருக்கும். ஒரு பக்கத்தில் சந்துகள் நெருக்கமாக முளைத்ததன் விளைவு. பல சந்துகள் நீளமானவை, மறுமுனை அடைத்தவை, பேருந்து நுழையாதவை. அந்த இடைவெளியை ஆரஞ்சு மேலாடை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் நிரப்புகிறார்கள். சந்து முனையில் வரிசையாக நிற்பார்கள். கட்டணப் பலகையைப் பார்த்துவிட்டு ஏறலாம்; ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

◆ சாதாரணப் பேருந்தில் கண்டக்டர் வருவது முதலில் காதில்தான் விழும். கையில் நீளமான உலோகக் குழல். அதற்குள் சீட்டுச் சுருளும் சில்லறையும். மூடியை ‘டக் டக்’ என்று தட்டிக்கொண்டே வருவார், சீட்டையும் அந்த மூடியின் விளிம்பிலேயே கிழிப்பார்.

◆ காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நிலையங்களில் தேசிய கீதம் ஒலிக்கும். படியேறிக்கொண்டிருப்பவர்கள்கூட அப்படியே நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள்.

◆ டான் முவாங் போகும் வழியில் வருடக்கணக்காக மொட்டைத் தூண்கள் நின்றன. சாலையும் ரயிலும் அடுக்கடுக்காகப் போக 1990-ல் ஹாங்காங் நிறுவனம் ஒன்றுடன் போட்ட ஒப்பந்தத்தின் மிச்சம். 1998-ல் ஒப்பந்தமே ரத்தானது. தூண்களைப் பார்த்தவர்கள் ‘பாங்காக்கின் ஸ்டோன்ஹெஞ்ச்’ என்றார்கள். அதே தடத்தில் சிவப்புப் பாதை ரயில் ஓடத் தொடங்கியது 2021-ல்.

◆ 1916-ல் திறந்த ஹுவா லம்போங் நிலையத்தின் அரைவட்டக் கூரை அழகு. ஆனால் சியாங் மாய் போக அங்கே போய் நின்றால் வண்டி கிடைக்காது. நெடுந்தூர ரயில்களில் பெரும்பாலானவை 2023 ஜனவரியில் பாங் சூவிலுள்ள புதிய மத்திய நிலையத்துக்கு மாறிவிட்டன. இரண்டையும் நீலப் பாதைச் சுரங்க ரயில் இணைக்கிறது.

◆ சிலோம் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயில், 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டியது. பறக்கும் ரயிலில் சுரசக் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். நவராத்திரி முடிந்து அம்மன் வீதியுலா வரும் இரவு சிலோம் சாலையை அடைத்துவிடுவார்கள். அன்று டாக்சி பிடித்தால் பாதியிலேயே இறங்கி நடக்க வேண்டியதுதான், ரயிலிலேயே போங்கள்.