எலிக்குப் பசிக்குது பாஸ்!

ஹாஸ்டல் ரூம். காலை மணி பத்து. கேம்பஸ் வேலைக்கான ஆன்லைன் ஆப்டிட்யூட் டெஸ்ட். என் ரூம்மேட் குளிச்சு, திருநீறு பூசி, லேப்டாப் முன்னாடி பக்காவா உட்கார்ந்துட்டான். 60 நிமிஷம், 60 கேள்வி. 23-வது கேள்விக்கு விடை ‘சி’னு கண்டுபிடிச்சு க்ளிக் பண்ணப் போனா... கர்சர் நகரவே இல்லை. வயர்லெஸ் மவுஸைத் தட்டினான், உருட்டினான், ஊதிக்கூடப் பார்த்தான். ம்ஹூம்! சரி, டச்பேட் இருக்கேனு விரலை வெச்சா, அதுவும் அவுட்!

எழுந்து ஓடி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அதிலிருந்த செல்லைப் பிடுங்கி மவுஸில் போட்டான். அதுக்குள்ளே காலி நாற்காலியைப் பார்த்த கேமரா, ‘எச்சரிக்கை’ கொடுத்துடுச்சு. எட்டு நிமிஷம் போச்சு. கடைசி 11 கேள்விகளை அவன் படிக்கவே இல்லை. லிஸ்ட்டில் பேரும் இல்லை.

இத்தனைக்கும், அன்னிக்கு அவன் செஞ்சிருக்க வேண்டியது ஒரே ஒரு செகண்ட் வேலை. அதுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி, இந்த எலியைக் கட்டி மேய்க்கிற வித்தையைப் பார்த்துடலாமா?

நோய் எது?

மவுஸ் மக்கர் பண்ணினா உடனே ‘பேட்டரி போச்சு’னு தீர்ப்பு எழுதாதீங்க. சும்மா விட்டுட்டுத் தொட்டதும் ஒரு நொடி தாமதமா நகருதா? அது தூக்கம். பேட்டரியை மிச்சம் பிடிக்க மவுஸ் தானாவே தூங்கிடும், ஒரு க்ளிக்கில் எழுந்துடும். கண்ணாடி மேஜையில் தாறுமாறா குதிக்குதா? அடியில இருக்கிற சென்ஸாருக்கு அந்தப் பரப்பு பிடிபடலை. ஒரு நோட்டு அட்டையைப் போட்டாலே போதும். பென்டிரைவில் படம் காப்பி ஆகும்போது மட்டும் திக்குதா? அது சிக்னல் சிக்கல். எந்த மேஜையிலும், எப்பவும் திக்கித் திக்கி, கடைசியில் மொத்தமா நின்னா... அநேகமா பசி!

தீனி போடுறது எப்படி?

கடிகாரத்துக்குப் போடுற விலை குறைஞ்ச செல், பெரும்பாலும் ஜிங்க் கார்பன் ரகம். கடிகாரம் கொஞ்சூண்டு கரன்ட்டில் ஓடும். மவுஸுக்கு அது பத்தாது. சீக்கிரம் தீரும், உள்ளேயே கசியவும் வாய்ப்பு உண்டு. ‘அல்கலைன்’னு அச்சடிச்ச செல்லைக் கேட்டு வாங்குங்க. ரெண்டு செல் போடுற மவுஸ்னா ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. பழசையும் புதுசையும் ஜோடி சேர்த்தா, பழசு புதுசையும் இழுத்துட்டுப் போயிடும்.

ரீசார்ஜபிள் செல் போட்டா செலவு மிச்சம். ஆனா சாதாரண செல் 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட். அதனால சில மவுஸ்கள் முன்கூட்டியே ‘பேட்டரி லோ’னு பதறும். பயப்பட வேண்டாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: சாதாரண செல்லை சார்ஜரில் செருகவே கூடாது!

அடியில இருக்கிற ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணாம பைக்குள்ள போட்டா, பஸ் குலுங்குற குலுக்கலில் எலி தூங்கவே தூங்காது. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்போ செல்லைக் கழற்றி வெச்சுட்டுப் போங்க.

உள்ளேயே பேட்டரி வெச்ச மவுஸ்களில் பலது, சார்ஜ் ஏறும்போதே வேலையும் செய்யும். பிரபலமான விதிவிலக்கு, 2015-ல் வந்த ஆப்பிளின் மேஜிக் மவுஸ் 2. சார்ஜ் போடுற ஓட்டை வயித்துல இருக்கிறதால, மல்லாக்கப் படுக்க வெச்சுட்டு நாம வேடிக்கை பார்க்கணும். 2024-ல் யுஎஸ்பி-சி வந்தப்பவும் ஓட்டை இடம் மாறலை!

காத்துல டிராஃபிக் ஜாம்

மவுஸ் பேசுறது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். ப்ளூடூத் இயர்போனும், வைஃபையின் ஒரு பகுதியும் அதே ரோட்டில்தான் ஓடுது. போதாததுக்கு, யுஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் வேலை செய்யும்போது அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும்னு 2012-லயே இன்டெல் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஸோ, மவுஸோட குட்டி ரிசீவரை ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்து போர்ட்டில் செருகாதீங்க. லேப்டாப்போட மறு பக்கம் மாத்துங்க. டெஸ்க்டாப்பில் பின்பக்கம் செருகினா நடுவுல இரும்பு டப்பா மறைக்கும். முன்பக்கம் செருகுங்க, இல்லைன்னா ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மேஜை மேலே கொண்டு வாங்க.

அடிக்கடி தொடர்பு அறுந்தா, விண்டோஸே ‘கரன்ட் மிச்சம் பண்றேன்’னு போர்ட்டைத் தூங்க வைக்குதானு பாருங்க. டிவைஸ் மேனேஜரில் ‘யுஎஸ்பி ரூட் ஹப்’, அதுல ‘பவர் மேனேஜ்மென்ட்’. அங்கே இருக்கிற டிக்கை எடுத்துடுங்க. ப்ளூடூத் மவுஸ் அடம் பிடிச்சா, லிஸ்ட்டிலிருந்து மொத்தமா நீக்கிட்டு மறுபடி ஜோடி சேருங்க. பல கம்ப்யூட்டர்களோடு சேர்ற மவுஸ்னா, அது உங்க பழைய லேப்டாப்போட இன்னும் பேசிட்டு இருக்கலாம். அடியில இருக்கிற பட்டனை மாத்திப் பாருங்க.

அந்த ஒரு செகண்ட்!

இப்போ ரூம்மேட் கதைக்கு வருவோம். ‘மவுஸ் செருகியிருந்தா டச்பேட் வேண்டாம்’னு விண்டோஸில் ஒரு செட்டிங் உண்டு. டைப் அடிக்கும்போது கை படுதேனு எப்பவோ அதை அவன்தான் தட்டி விட்டிருந்தான். மவுஸில் செல் செத்துப் போனாலும், ரிசீவர் போர்ட்டில்தானே இருக்கு? கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எலி உயிரோட இருக்கு! அதனால டச்பேட் கதவைத் திறக்கலை. அந்தக் குட்டி ரிசீவரைப் பிடுங்கியிருந்தா போதும், டச்பேட் உடனே எழுந்திருக்கும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்.

ஆகவே மக்களே, டெஸ்ட்டுக்கு முதல் நாள் ராத்திரியே அந்த செட்டிங்கைப் பாருங்க. புது செல் போடுங்க, இன்னொண்ணைக் கைக்கெட்டுற தூரத்தில் வையுங்க. நடுவுல சிக்கினா பதற்றத்தில் ஆல்ட்-டேப் எல்லாம் தட்டாதீங்க. வேற விண்டோவுக்குத் தாவினா காப்பியடிக்கிறதா நினைச்சுடும்!

அடுத்த கம்பெனி டெஸ்ட்டுக்கு என் ரூம்மேட் வால் வெச்ச பழைய மவுஸோட உட்கார்ந்தான், பாஸும் ஆயிட்டான். எங்க ரூம் கடிகாரம்தான் பாவம். இன்னும் பத்து இருபத்திரண்டுலயே நிக்குது. அதுக்கு ஒரு செல் வாங்கணும்னு எங்க யாருக்கும் தோணவே இல்லை!