தேங்காய் எண்ணெய் உறையுது... நல்லெண்ணெய் ஏன் உறையலை?

மார்கழி பிறந்தால் போதும், எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் மொட்டைமாடி வெயிலுக்குப் போய்விடும். அதே அலமாரியில் இருக்கும் நல்லெண்ணெய்க்கு எந்தக் குளிரும் கிடையாது. கூடவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த ஃபார்வர்டும் வரும்: 'பாட்டிலில் உறையும் எண்ணெய், ரத்தக்குழாயில் உறையாதா?'

உறையாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37 டிகிரி. தவிர, சாப்பிட்ட எண்ணெய் அப்படியே ரத்தத்தில் கலப்பதும் இல்லை. குடலில் உடைந்து, பெரும்பாலும் புரதம் சேர்ந்த நுண்ணிய பொட்டலங்களாகத்தான் பயணிக்கிறது.

பிறகு பாட்டிலில் மட்டும் ஏன் உறைகிறது? எந்தச் சமையல் எண்ணெயிலும் கிளிசரால் என்ற சிறு மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருக்கும். மூன்று வால் வைத்த பட்டம் மாதிரி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதன் வால் நேரானது. நேரான விறகு கட்டுக்குள் நெருக்கமாக அடங்கும் அல்லவா? அப்படி அடங்குவதுதான் உறைதல். இதுவே நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் அதிகமிருக்கும் ஓலிக், லினோலிக் அமிலங்களில், இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் வால் வளைந்துவிடும். கோணல் விறகைக் கட்டிப் பாருங்கள், புரியும்.

ஃபார்வர்டு சொல்லும் காரணம்தான் தப்பு. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால், கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்லை ரத்தத்திலிருந்து கல்லீரல் அகற்றுவது மந்தமாகும். அதனால் அளவு முக்கியம்.

அதைவிட மோசமானது டிரான்ஸ் கொழுப்பு. திரவ எண்ணெயில் நிக்கல் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கி, பாதியில் நிறுத்தினால், சில வளைவுகள் இரட்டைப் பிணைப்பு போகாமலேயே நிமிர்ந்துவிடும். பழைய வனஸ்பதியில் இது ஏராளம். எல்.டி.எல்லை ஏற்றுவதோடு, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்லையும் இறக்கும். 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கு 2 சதவிகிதம்தான் உச்சவரம்பு. பிஸ்கட், பஃப்ஸ் பாக்கெட்டில் 'ஹைட்ரஜனேற்றம்' என்ற சொல் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

இன்னொன்று. 'ஃபிரிட்ஜில் உறைந்தால் சுத்தமான தேங்காய் எண்ணெய்' என்பதையும் நம்ப வேண்டாம். பாமாயிலும் அங்கே உறையும்!