எந்திரம் பழகும் கைகள் – 11: துளை போட்டால் அது வேறு பொருள்

ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெட்டிஷன் என்ற பள்ளி மாணவர் போட்டியின் விதிநூலில் ஓர் உதாரணம் உண்டு. ஓர் அணி ஒரே நிறுவனத்திடம் இரண்டு பிடிப்பான்கள் வாங்குகிறது. ஒன்றை அப்படியே எடுத்து வைக்கிறது. மற்றதில் எடை குறையட்டும் என்று துளைகள் போடுகிறது. முதலாவது கடைப்பொருள், அதாவது கடையில் வாங்கிய நிலையிலேயே இருப்பது. மற்றது, துளை விழுந்ததுமே செய்பொருள், அதாவது அணி செய்த பொருள், ஆகிவிடுகிறது. லேபிள் ஒட்டினால் பாதகமில்லை. மாட்டுவதற்கென்று ஒரு துளை போட்டாலும் கணக்கு மாறிவிடும்.

ஏன் இவ்வளவு கறார்? கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு 1992 முதல் நடத்தும் போட்டி இது. ஆண்டுதோறும் ஜனவரியில்தான் அந்த வருட ஆட்டம் என்னவென்று அறிவிப்பார்கள். பேட்டரி இணைப்பு, பம்பர் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த நாளுக்கு முன் உருவான செய்பொருள் எதையும் ரோபோவில் ஏற்றக் கூடாது. கடைப்பொருளுக்கு அந்தத் தடை இல்லை. பழைய ரோபோவிலிருந்து கழற்றியதாக இருந்தாலும், வாங்கியபோது இருந்தபடியே வேலை செய்தால் போதும்.

இதைப் புதுச்சேரியில் உட்கார்ந்து படிக்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. வெளிநாட்டு அணி கேட்லாக் பார்த்து ஆர்டர் போடும் சக்கரத் தொகுதியை நாம் இறக்குமதி செய்தால் விலையோடு கப்பல் கூலியும் சுங்க வரியும் சேரும். தட்டாஞ்சாவடியிலோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ ஒரு லேத் பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்தால், ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து வாங்கிவிடலாம். காசு கொடுத்து வாங்கியதுதானே, கடைப்பொருள்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. அச்சு அசலாக அதே அளவில் கடைந்தாலும் அது செய்பொருள்தான். எல்லா அணிக்கும் விற்பதற்காக வழக்கமாக வைத்திருக்கும் சரக்கு மட்டுமே கடைப்பொருள். உங்களுக்கென்று ஒருவர் கடைந்து கொடுத்தது அதில் சேராது.

விதி நியாயமானதுதான் என்பது என் எண்ணம். யாரும் வாங்கக்கூடியது எல்லோருக்கும் பொது. ஒருவருக்குத் தெரிந்த பட்டறை மற்றவருக்குக் கிடைக்காது. ஆனால் கேட்லாக் கடை பக்கத்தில் இருக்கும் ஊரை மனத்தில் வைத்து எழுதிய விதி இது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்குள்ள அணி டிசம்பரிலேயே பாகங்களை வாங்கி அடுக்கிவிடும். நம் அணியால் ஜனவரி அறிவிப்பு வரும்வரை லேத்தை ஓட்டச் சொல்ல முடியாது. பறிபோவது நாட்கள்.

அதை ஓரளவு ஈடுகட்ட விதிக்குள்ளேயே வழி இருக்கிறது. வரைபடத்தை முன்கூட்டியே தயாரிக்கலாம். ஆட்டம் அறிவிக்கும் முன்பே அதை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். டிசம்பரில் வரைந்து, வெளியிட்டு, பட்டறைக்காரரிடம் அளவும் டாலரன்ஸும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த மறுநாள் கடையச் சொல்லுங்கள். இரும்பு பட்டறையில் ஏறும் தேதிதான் முக்கியம்.

பழைய பொருளுக்கும் ஒரு வார்த்தை. காந்தி வீதி ஞாயிறு சந்தையிலோ பழைய இரும்புக் கடையிலோ கார் வைப்பர் மோட்டார் கிடைத்தால் ஒதுக்கிவிடாதீர்கள். அனுமதிக்கப்பட்ட மோட்டார்களின் பட்டியலில் வைப்பர் மோட்டாருக்கும் இடம் தந்திருக்கிறார்கள். ஆனால் ஷாஃப்ட்டை அறுத்து, கவசத்தைக் கழற்றியிருந்தால் அதைக் கடைப்பொருள் என்று காட்ட முடியாது.

இந்தக் கணக்கு எல்லாப் போட்டிக்கும் பொருந்தாது. 2002இல் தொடங்கிய ஏபியு ரோபோகானில் ரோபோவை அந்தந்தக் கல்லூரி மாணவர்களே செய்திருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. உலக ரோபோ ஒலிம்பியாட்டில் எந்தப் பொருளைப் பயன்படுத்தலாம் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். ஒரு போட்டியில் பழகிய கண்ணோடு இன்னொன்றின் விதியைப் படிக்காதீர்கள். அந்தந்த வருடத்து விதிநூலைத் திறந்து பாருங்கள்.

பட்டறையில் பில் கேட்டு வாங்குங்கள், தேதியோடு. போட்டியில் ரோபோவைச் சோதிக்கும் பரிசோதனை மேசையில் பாகத்தின் விலையையும் அது எப்போது உருவானது என்பதையும் கேட்டால், பதில் அந்தத் தாளில் இருக்கும். அந்த மேசையில் என்ன நடக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)